மஞ்சளா, வெள்ளையா? மொகிலி இறக்கத்தில் ஒரு ஃபாக் லைட் கேள்வி

"அண்ணா, வண்டிக்கு ஃபாக் லைட் போடணும். மஞ்சள் போடட்டுமா, வெள்ளை போடட்டுமா?"

மார்கழி பிறந்துவிட்டால் சித்தூர், பலமனேர் பக்கத்து டீக்கடைகளில் இந்தக் கேள்வி தவறாமல் காதில் விழும். கேட்பவர் பெரும்பாலும் இளம் டிரைவர். மதனப்பள்ளியில் தக்காளி ஏற்றி, புங்கனூர், பலமனேர் வழியாக வந்து, மொகிலி மலைப்பாதையில் இறங்கி, சித்தூர், ராணிப்பேட்டை தாண்டி விடிவதற்குள் சென்னைக் கோயம்பேடு சந்தையில் இருக்க வேண்டியவர். ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடைக்காரர் ஒரு நிறத்தைச் சொல்லியிருப்பார், கூட ஓட்டுகிற டிரைவர் இன்னொரு நிறத்தைச் சொல்லியிருப்பார். நடுவில் இவர் குழம்பி நிற்பார்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன் தம்பி. நிறம் மூன்றாவது கேள்வி. விளக்கு எந்த உயரத்தில் இருக்கிறது என்பது முதல் கேள்வி. அதன் வெளிச்சம் மேலே ஏறாமல் தரையோடு நிற்கிறதா என்பது இரண்டாவது. இந்த இரண்டும் சரியாக அமைந்துவிட்டால் மஞ்சளும் உதவும், வெள்ளையும் உதவும். இரண்டும் தப்பாக இருந்தால் எந்த நிறமும் உங்களைக் காப்பாற்றாது. ஆனால் காரணம் தெரியாமல் பதிலை மட்டும் வாங்கிக்கொண்டு போனால், கடைக்காரர் அடுத்த சாமானை எடுத்துக் காட்டியதும் அது மறந்துபோகும். அதனால் உட்காருங்கள், இன்னொரு டீ சொல்வோம்.

முதலில் நம் ஊர்ப் பனியைப் பார்ப்போம். இந்த வட்டாரத்தில் லாரிக்காரர் இரண்டு விதமான மூடுபனியைச் சந்திக்கிறார். ஒன்று மேட்டு நிலத்துப் பனி. பலமனேரும் மதனப்பள்ளியும் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 700 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர்கள். காற்றும் மேகமும் இல்லாத குளிர்கால இரவில் நிலம் தன் சூட்டையெல்லாம் வானத்துக்கு விட்டுவிடும். தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து, அதிலிருக்கும் ஈரம் துளித்துளியாகத் திரண்டு நிற்கும். ஏரிக்கரையிலும் பள்ளமான வயல் பக்கத்திலும் அது இன்னும் கெட்டியாக இருக்கும். வெயில் ஏறினால் கலைந்துவிடும்.

இன்னொன்று மலைப் பனி. மொகிலி இறக்கத்திலும், பீலேரிலிருந்து திருப்பதி வரும் வழியில் பாகராபேட்டை மலைப்பாதையிலும், திருமலையின் இரண்டு காட் ரோடுகளிலும் இதைப் பார்க்கலாம். ஈரக் காற்று மலைச்சரிவில் மோதி மேலே ஏறும்போது குளிர்ந்து மேகமாகிறது. அந்த மேகத்துக்குள்தான் ரோடு போகிறது. திருமலைக்கு 1944இல் ஒரு காட் ரோடும் 1974இல் இன்னொன்றும் வந்தன. 850 மீட்டர் உயரத்துக்கு வளைந்து ஏறும் அந்தப் பாதைகளில் வடகிழக்குப் பருவமழைக் காலத்திலும் மார்கழி, தை மாதங்களிலும் மேகம் ரோட்டின்மேலேயே உட்கார்ந்துவிடும். இந்தப் பனிக்கு விடியற்காலை, பகல் என்ற கணக்குக் கிடையாது. ஒரு வளைவில் தெளிவாக இருக்கும், அடுத்த வளைவில் வெள்ளைச் சுவர் நிற்கும்.

எவ்வளவு அடர்ந்தால் அது மூடுபனி? ஒரு கிலோமீட்டர் தொலைவில் இருப்பது கண்ணுக்குத் தெரியாவிட்டாலே வானிலைக் கணக்கில் அது மூடுபனிதான். 200 மீட்டருக்குள் குறைந்தால் அடர்ந்த பனி, 50 மீட்டருக்குள் குறைந்தால் மிக அடர்ந்த பனி. இந்த 50 மீட்டரை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வேலைக்கு ஆகும்.

இப்போது நிறத்துக்கு வருவோம். "மஞ்சள் பனியைக் கிழிச்சுக்கிட்டுப் போகும்" என்று எல்லோரும் சொல்கிறார்கள். இந்த நம்பிக்கை சும்மா முளைக்கவில்லை, அதற்குப் பின்னால் ஓர் உண்மையான அறிவியல் இருக்கிறது. வானம் ஏன் நீலமாக இருக்கிறது என்பதற்கு 1871இல் ராலே பிரபு கணக்குப் போட்டுக் காட்டினார். ஒளியின் அலைநீளத்தைவிட மிக மிகச் சிறிய துகள்கள் நீலத்தை அதிகமாகவும் சிவப்பைக் குறைவாகவும் சிதறடிக்கும். காற்றின் மூலக்கூறுகள் அப்படிச் செய்வதால்தான் வானம் நீலம், அந்தி சிவப்பு. தூரத்துச் சேஷாசல மலை நீலம் பூசியதுபோல் தெரிவதும் இதனால்தான். ஆக, நீலத்தை எடுத்துவிட்ட மஞ்சள் ஒளி குறைவாகச் சிதறும், தூரம் போகும் என்று நினைப்பது இயல்பு.

சிக்கல் துகளின் அளவில் இருக்கிறது. நம் கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் 0.4 முதல் 0.7 மைக்ரான். மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. மூடுபனித் துளியின் குறுக்களவோ பெரும்பாலும் சில மைக்ரானிலிருந்து பல பத்து மைக்ரான் வரை. பத்து மைக்ரான் துளி என்றாலே ஒளி அலையைப்போல ஏறக்குறைய இருபது மடங்கு பெரியது. ஏரியில் அலை வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஒரு நாணல் தண்டு நின்றால் சின்னச் சின்ன அலைகள்தான் அதில் பட்டுக் கலையும், பெரிய அலை கண்டுகொள்ளாமல் போய்விடும். அதே இடத்தில் ஒரு பாறை இருந்தால் சின்ன அலை, பெரிய அலை இரண்டும் மோதித் திரும்பத்தான் வேண்டும். பனித்துளி ஒளிக்குப் பாறை. இத்தகைய பெரிய துளிகளுக்கான கணக்கை 1908இல் குஸ்தாவ் மீ என்ற ஜெர்மானியர் எழுதினார். அதன்படி நீலம், மஞ்சள், சிவப்பு எல்லாமே பனியில் ஏறக்குறைய ஒரே அளவில்தான் சிதறுகின்றன.

இதற்கு ஆதாரம் தேடி எங்கும் போக வேண்டாம். பனியின் நிறத்தைப் பாருங்கள். நீலம் அதிகமாகச் சிதறியிருந்தால் பனி நீலமாகத் தெரிய வேண்டும். எல்லா நிறமும் சமமாகச் சிதறுவதால்தான் அது வெள்ளையாக இருக்கிறது. மஞ்சள் விளக்கு போட்டால் அதே பனி மஞ்சளாகத் தெரியும், சுவர் சுவராகவேதான் இருக்கும்.

அப்படியானால் சோடியம் தெருவிளக்கு ஏன் மஞ்சளாக இருந்தது? குறைந்த கரண்டில் அதிக வெளிச்சம் தந்ததால். பனியைத் துளைப்பதற்காக யாரும் அந்த நிறத்தைத் தேர்ந்தெடுக்கவில்லை. மெல்லிய புகை, வறண்ட மூட்டம் போன்ற மிக நுண்ணிய துகள்கள் மிதக்கும் காற்றில் மஞ்சளுக்குக் கொஞ்சம் சாதகம் உண்டு. மொகிலியில் உங்களை மறைப்பது தண்ணீர்த் துளி, அங்கே அந்தச் சாதகம் கிடைக்காது.

"அப்போ மஞ்சள் போட்டவங்க நல்லா இருக்குன்னு சொல்றது பொய்யா அண்ணா?"

பொய்யில்லை தம்பி. அவர்களுக்கு நிஜமாகவே நன்றாக இருக்கிறது. காரணம் வேறு இடத்தில் இருக்கிறது, நம் கண்ணில். நீல ஒளி கண்ணைக் கூசவைக்கும் அளவுக்கு, அதே பிரகாசமுள்ள மஞ்சள் ஒளி கூசவைப்பதில்லை. கண்ணின் லென்ஸ் எல்லா நிறத்தையும் ஒரே இடத்தில் குவிப்பதும் இல்லை, நீலம் விழித்திரைக்குச் சற்று முன்னாலேயே குவிந்து அங்கே கலங்கலாக விழுகிறது. இன்றைக்குக் கடையில் கிடைக்கும் பளிச்சென்ற வெள்ளை எல்.இ.டி.யில் 450 நானோமீட்டர் அருகே நீலம் கூர்மையாக எழுந்து நிற்கும். பெட்டியில் 6000 கே, 6500 கே (கே என்பது கெல்வின், ஒளியின் நிறத்துக்கான அளவு) என்று போட்டிருப்பது அந்த வகை. அது பனியில் பட்டுத் திரும்பி மணிக்கணக்கில் முகத்தில் அடித்தால் கண் களைத்துப்போகும். கண்புரை தொடங்கும் வயதிலிருக்கும் டிரைவருக்கு இது இரட்டைத் தொல்லை, வெளியே பனி சிதறடிக்கும் ஒளியை உள்ளே லென்ஸும் சிதறடிக்கும்.

இன்னொரு காரணமும் உண்டு. வெள்ளை பல்பின்மேல் மஞ்சள் வடிகட்டி போட்டால் வெளிச்சத்தில் ஒரு பங்கு குறையும். முன்னால் போகும் ஒளி குறைந்தால் பனியில் பட்டுத் திரும்பும் ஒளியும் குறையும், கூச்சமும் குறையும். "மஞ்சள் நல்லா இருக்கு" என்று தோன்றுவதில் இந்த மங்கலுக்கும் பங்கு உண்டு. பிரான்ஸ் நாட்டில் 1930களின் பிற்பகுதியிலிருந்து 1993 வரை கார்களின் ஹெட்லைட்டே மஞ்சளாக இருக்க வேண்டும் என்று சட்டம் இருந்தது. கூச்சம் குறையும் என்பதுதான் அங்கே முக்கிய வாதம். பிறகு ஐரோப்பிய நாடுகளுக்கெல்லாம் பொது விதி வந்தபோது அந்தக் கட்டாயத்தைக் கைவிட்டார்கள்.

ஆகவே, பழைய ஹாலஜன் பல்பு போட்ட நல்ல ஃபாக் லைட் வண்டியில் ஏற்கெனவே இருந்தால், அதைக் கழற்றி எறிந்துவிட்டு மஞ்சள் வாங்க வேண்டிய அவசியம் இல்லை. ஹாலஜனின் வெள்ளை 3200 கே அளவில் இருக்கும் இளஞ்சூடான வெள்ளை, அதில் நீலம் குறைவு. புதிதாக எல்.இ.டி. வாங்குகிறீர்கள் என்றால், நீலம் கலந்த வெள்ளையைவிட மஞ்சளை எடுங்கள். மஞ்சள் என்றால் இண்டிகேட்டரின் ஆரஞ்சு கிடையாது. வெள்ளையிலிருந்து நீலத்தையும் ஊதாவையும் கழித்தால் மிஞ்சும் எலுமிச்சை மஞ்சள்தான் ஃபாக் லைட்டின் மஞ்சள். பல நாடுகள் பின்பற்றும் ஐக்கிய நாடுகளின் 19ஆம் எண் வாகன ஒழுங்குமுறை முன்பக்க ஃபாக் லைட்டுக்கு வெள்ளையையும் இந்த மஞ்சளையும் மட்டுமே ஏற்கிறது. அடர் ஆரஞ்சு போட்டால், பனியில் எதிரே வருபவர் உங்கள் வண்டி திரும்பப் போகிறது என்று நினைக்க இடமுண்டு. ஹெட்லைட் கண்ணாடியில் மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டுவதும் வேண்டாம். அது வெளிச்சத்தைத் தின்னும், ஒளியின் விளிம்பையும் கெடுக்கும்.

விளிம்பு என்றேனே, விஷயமே அங்கேதான் இருக்கிறது. ஃபாக் லைட் என்பது சின்ன ஹெட்லைட் கிடையாது. அதன் ஒளி இரண்டு பக்கமும் அகலமாக விரியும், மேல் பக்கம் கத்தியால் வெட்டியதுபோல் நிற்கும். சுவரில் அடித்துப் பார்த்தால் கீழே வெளிச்சம், மேலே இருட்டு, நடுவில் படுக்கையாக ஒரு கோடு தெரிய வேண்டும். அந்தக் கோடு இல்லாத விளக்கின் பெட்டியில் ஃபாக் லைட் என்று அச்சடித்திருந்தாலும் அது ஃபாக் லைட் ஆகாது.

கோடு ஏன் வேண்டும்? பனியில் நமக்குத் தொல்லை தருவது, நம் விளக்கிலிருந்து கிளம்பிக் கண்ணுக்கும் ரோட்டுக்கும் நடுவே இருக்கும் துளிகளில் பட்டுத் திரும்பி வரும் ஒளி. லாரி டிரைவரின் கண் தரையிலிருந்து இரண்டு மீட்டருக்கு மேலே இருக்கும். விளக்கு பம்பரில், அரை மீட்டர் சொச்சம் உயரத்தில் இருந்து, அதன் ஒளி தரையோடு தாழ்ந்து போனால், கண்ணுக்கு நேர் முன்னால் இருக்கும் பனி இருட்டாகவே இருக்கும். அந்த இருட்டின் வழியாகக் கீழே வெளிச்சம் பட்ட ரோட்டையும் ஓரத்து வெள்ளைக் கோட்டையும் பார்க்கலாம். விளக்குக்கும் கண்ணுக்கும் இடைவெளி கூடக்கூடத் தொல்லை குறையும். இந்த விஷயத்தில் காரைவிட லாரிக்காரருக்குத்தான் வசதி அதிகம்.

அந்த வசதியைக் கேபின் கூரையில் வரிசையாகக் கட்டும் எல்.இ.டி. பட்டை ஒரே நொடியில் அழித்துவிடுகிறது. அது கண்ணுக்குச் சற்று மேலே இருந்து, கண் பார்க்கும் அதே திசையில் பனியைக் கொளுத்திக் காட்டும். முன்னால் இருப்பது முழுக்க வெள்ளைத் திரையாகிவிடும். மஞ்சள் பட்டையாக இருந்தாலும் கதை அதுதான். பிரைட் அடித்தால் பனியில் ஒன்றும் தெரியாமல் போவதும் இதே காரணத்தால்தான். கூரைப் பட்டையை இஷ்டத்துக்கு மாட்டச் சட்டமும் அனுமதிக்கவில்லை. 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 106ஆவது விதி, முன்விளக்கின் ஒளி கீழ்நோக்கியே இருக்க வேண்டும், எட்டு மீட்டர் தொலைவில் ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கும் கண்ணைக் கூசவைக்கக் கூடாது என்கிறது. ஸ்பாட் லைட், சர்ச் லைட் வகைகளை முன்பக்கம் மாட்ட 111ஆவது விதிப்படி பதிவு அதிகாரியின் முன் அனுமதி வேண்டும். எதிரே காரிலோ பைக்கிலோ வரும் மனிதருடைய கண் ஏறக்குறைய அந்த ஒன்றரை மீட்டரில்தான் இருக்கிறது. அவர் ஒரு நொடி குருடானால் மோதப்போவது உங்கள் வண்டியில்தான்.

ஹாலஜனுக்காகச் செய்த விளக்குக் கிண்ணத்தில் எல்.இ.டி. பல்பைச் செருகுவதும் வேண்டாம் தம்பி. ஹாலஜனின் இழை எந்த இடத்தில் எரிகிறதோ அந்தப் புள்ளியைக் கணக்கில் வைத்துத்தான் கிண்ணத்தின் வளைவைச் செய்கிறார்கள். எல்.இ.டி.யின் சில்லு வேறு இடத்தில், வேறு வடிவத்தில் எரியும். கோடு கலைந்து ஒளி மேலே சிதறும். எல்.இ.டி.தான் வேண்டும் என்றால் எல்.இ.டி.க்காகவே செய்த முழு விளக்காக வாங்குங்கள்.

மாட்டும் வேலையை எலக்ட்ரீஷியன் பார்த்துக்கொள்வார். பெரிய லாரிகளில் 24 வோல்ட். 70 வாட் பல்பு இரண்டு என்றால் ஆறு ஆம்பியர் ஓடும். ரிலேயும் பியூஸும் போட்டு, ஹெட்லைட்டோடு சேராமல் தனி சுவிட்சில் கொண்டுவரச் சொல்லுங்கள். ஆனால் விளக்கைக் குறிவைக்கும் வேலையை நீங்களே கூட இருந்து பாருங்கள், அதுவும் லோடு ஏற்றிய பிறகு. காலி வண்டியில் ஒளி சரியாக நின்றிருக்கும், தக்காளி கிரேட் நிறைந்ததும் பின் பட்டைகள் அமுங்கி வண்டியின் மூக்கு தூக்கிக்கொள்ளும். ஒளியும் கூடவே ஏறிவிடும்.

சமதரையில், சுவருக்குப் பத்து மீட்டர் தள்ளி லோடு வண்டியை நிறுத்துங்கள். விளக்கின் நடுப்புள்ளி தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அளந்து, அதே உயரத்தில் சுவரில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். ஒளியின் மேல் விளிம்பு அந்தக் கோட்டுக்கு 20 சென்டிமீட்டர் கீழே விழும்படி விளக்கைச் சாய்த்து போல்ட்டை முறுக்குங்கள். பத்து மீட்டருக்கு 20 சென்டிமீட்டர் இறங்கினால், 60 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும் விளக்கின் ஒளி 30 மீட்டரில் தரையைத் தொடும். உங்கள் ஃபாக் லைட் ரோட்டைக் காட்டப்போவது அந்த 30 மீட்டர்தான். மஞ்சள் என்றாலும் அவ்வளவுதான், வெள்ளை என்றாலும் அவ்வளவுதான்.

இப்போது அந்த 30 மீட்டருக்குள் வண்டி நிற்குமா என்று பார்ப்போம். மணிக்கு 60 கிலோமீட்டரில் போகும் வண்டி ஒரு நொடியில் 16 மீட்டருக்கு மேல் ஓடும். எதிரே எதையோ பார்த்து, என்னவென்று புரிந்து, கால் பிரேக்குக்குப் போக இரண்டு நொடி என்று வைத்தால் அதற்குள்ளேயே 33 மீட்டர் போய்விடும். ஈர ரோட்டில் லோடு வண்டி நிற்க இன்னொரு 35 மீட்டர். மொத்தம் 68 மீட்டர். மிக அடர்ந்த பனியில் கண்ணுக்குத் தெரிவதே 50 மீட்டர் என்று சொன்னேனே, அதைத் தாண்டிவிட்டது. 40இல் போனால் 38 மீட்டர் வேண்டும். 30இல் போனால் 25 மீட்டரில் நிற்கும். இது சமதரைக் கணக்கு, மொகிலி இறக்கத்தில் இன்னும் கூடும். ஆக, உங்கள் விளக்குக்குப் பொருந்தும் வேகம் 30, இறக்கத்தில் அதற்கும் கீழே. ஃபாக் லைட் ரோட்டின் ஓரத்தைக் காட்டும், வேகத்துக்கு அனுமதி தராது. புது விளக்கு மாட்டிய தைரியத்தில் பத்து கிலோமீட்டர் கூட்டினால், விளக்கு இல்லாமல் மெதுவாகப் போனவரைவிட உங்களுக்குத்தான் ஆபத்து அதிகம்.

மேட்டு நிலத்துப் பனியில் லாரிக்காரர் ஒன்றைக் குறிப்பாக நினைவில் வைக்க வேண்டும். அந்தப் பனி தரையை ஒட்டித்தான் கெட்டியாக இருக்கும். உயரமான சீட்டிலிருந்து பார்க்கும்போது தூரத்து மரமும் எதிர்வண்டியின் டாப் லைட்டும் தெரியும், ரோடு தெளிவாக இருப்பதாகத் தோன்றும். கீழே பனிக்குள் போகும் பைக்கும் டிராக்டரும் மாட்டுவண்டியும் தெரியாது.

நீங்கள் பார்ப்பதைவிட உங்களைப் பிறர் பார்ப்பது முக்கியமான இடம் வண்டியின் பின்புறம். பின்னால் சிவப்பு, பக்கத்தில் மஞ்சள், முன்னால் வெள்ளை என்று ஒட்டிய ஒளிர் நாடாவைப் பனிக்காலம் முழுக்கத் தினமும் ஈரத்துணியால் துடையுங்கள். சேறு படிந்த நாடா ஒளிராது. பின் விளக்கு இரண்டும் எரிகிறதா என்று கிளீனரை இறங்கிப் பார்க்கச் சொல்லுங்கள். ஓடும்போது நான்கு இண்டிகேட்டரையும் சேர்த்து அடிக்காதீர்கள், நீங்கள் திரும்புவது பின்னால் வருபவருக்குத் தெரியாமல் போகும். நிற்க நேர்ந்தால் தார் ரோட்டைவிட்டு முழுக்க இறங்கி நின்று அடியுங்கள். பனி விலகியதும் ஃபாக் லைட்டை அணைத்துவிடுங்கள்.

ஆக, கடைக்குப் போனால் இந்த வரிசையில் கேளுங்கள். பம்பரில், ஹெட்லைட்டுக்குக் கீழே மாட்ட முடியுமா? சுவரில் படுக்கைக் கோடு விழுகிறதா, அடித்துக் காட்டுங்கள். குறியை மாற்ற வசதியான தாங்கி இருக்கிறதா? தண்ணீர் புகாத கண்ணாடியா? இத்தனைக்கும் ஆமாம் என்றால் பிறகு நிறம். எல்.இ.டி. என்றால் எலுமிச்சை மஞ்சள், ஹாலஜன் என்றால் இரண்டில் எதுவும். கோடு விழாத மஞ்சளையும் கோடு விழும் வெள்ளையையும் ஒன்றாக வைத்தால், யோசிக்காமல் வெள்ளையை எடுங்கள்.

கடைசியாக ஒன்றை லாரி முதலாளிகளுக்கும் மண்டி வியாபாரிகளுக்கும் சொல்ல வேண்டும். விளக்கு வாங்கித் தருவது சுலபம். அதை மாட்டிவிட்டு, கோயம்பேட்டுக்கு ஒரு மணி நேரம் தாமதமாக வந்ததற்காக டிரைவரின் வாடகையில் பிடித்தால், வாங்கித் தந்த விளக்குக்கு அர்த்தமே இல்லை. எதிரே வளைவு தெரியாத இரவில் வண்டியை ஓரங்கட்டி, பனி கலையும்வரை காத்திருக்கும் டிரைவர் சோம்பேறி இல்லை. உங்கள் வண்டியையும் சரக்கையும் எதிரே வரும் ஒரு குடும்பத்தையும் அவர்தான் காப்பாற்றிக்கொண்டிருக்கிறார். பனிக்காலத்துக்கு மட்டுமாவது அந்த ஒரு மணி நேரத்தை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொடுங்கள். மஞ்சளோ வெள்ளையோ, நல்ல விளக்கின் முழுப் பயன் அப்போதுதான் டிரைவருக்குக் கிடைக்கும்.